பம்ப் வீக்குங்க

ஒர்க்‌ஷாப் தமிழில் ஒரு பாகத்தைப் பற்றி மூன்று தீர்ப்புகள் உண்டு. நல்லாருக்கு, போயிருச்சு, வீக். முதல் இரண்டில் தகராறு வருவதில்லை. பெட்ரோல் பம்ப் செத்துப்போனால் வண்டி கிளம்பாது. சாவியைத் திருப்பியதும் பின்சீட்டுக்கு அடியிலிருந்து ஓரிரு நொடி கேட்கும் அந்த முனகல் கேட்காது. பேட்டரி தீரும்வரை செல்ஃப் அடித்துக்கொண்டே இருக்கலாம், அவ்வளவுதான். மூன்றாவது தீர்ப்புதான் சிக்கல். வீக் என்றால் வேலை செய்கிறது, ஆனால் போதவில்லை. எதற்குப் போதவில்லை, எவ்வளவு போதவில்லை, எப்படித் தெரிந்தது என்று கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான்: “அனுபவந்தானுங்க.”

கொஞ்ச நாளாக இந்தச் சொல் என்னைத் தொந்தரவு செய்கிறது. ஒரு பொருளையோ ஆளையோ வீக் என்று சொல்லும் உரிமை நமக்கு எப்போது வருகிறது? சோதிக்காமல் சொன்னது கடைசியில் சரியாகவே அமைந்துவிட்டால், சொன்னதில் தப்பில்லை என்று ஆகிவிடுமா? ஒரு ஸ்பேர் பார்ட்டுக்கு இவ்வளவு யோசிக்கணுமா என்று கேட்கலாம். என் மாமா ஓய்வூதியத்தில் வாழ்கிறவர். ஐயாயிரத்துச் சொச்சம் ரூபாயை அந்த ஒரு ஸ்பேருக்கு இரண்டு முறை கொடுத்தார்.

*

முதலில் பம்ப்பைப் பற்றிக் கொஞ்சம். அம்பாசிடர் காலத்துப் பம்ப் இன்ஜினோடு ஒட்டிக்கொண்டிருக்கும். கேம் ஷாஃப்ட் தள்ளத் தள்ள உள்ளே ஒரு டயாஃப்ரம் மேலும் கீழும் போய், பின்னாலிருக்கும் டேங்கிலிருந்து பெட்ரோலை உறிஞ்சி கார்புரேட்டருக்குக் கொடுக்கும். சித்திரை வெயிலில் மேடு ஏறும்போது வண்டி மூச்சு முட்டி நின்றுவிடும். டிரைவர் இறங்கி, பானட்டைத் திறந்து, பம்ப் மேல் ஈரத்துணியைச் சுற்றித் தண்ணீர் ஊற்றிவிட்டு, ஒரு டீ குடிக்கும் நேரம் காத்திருப்பார். பிறகு வண்டி கிளம்பிவிடும். இன்ஜின் சூட்டில் பெட்ரோல் குழாய்க்குள்ளேயே ஆவியாகிவிடுகிறது. திரவத்தைத் தள்ளுவதற்காகச் செய்த பம்ப்பால் ஆவியைத் தள்ள முடிவதில்லை. அந்த ஈரத்துணி வைத்தியமும் சோதனையும் ஒன்றாகச் சேர்ந்தது. துணி போட்டதும் சரியாகிவிட்டால் முதலில் சந்தேகப்பட வேண்டியது சூட்டை. பம்ப்பை மாத்து என்று யாரும் ஓடவில்லை. ஓடினாலும் அந்த ரோட்டில் ஸ்பேர் கிடைத்திருக்காது என்பது வேறு விஷயம்.

தொண்ணூறுகளின் இறுதியில் சின்ன கார்களுக்கும் இன்ஜெக்‌ஷன் வந்தபோது பம்ப் இடம் மாறியது. இப்போது அது டேங்குக்குள்ளேயே பெட்ரோலில் மூழ்கி உட்கார்ந்திருக்கும் ஒரு குட்டி மின்மோட்டார். சுற்றியிருக்கும் பெட்ரோல்தான் அதைக் குளிர்விக்கிறது. எப்போதும் ரிசர்விலேயே ஓடும் வண்டியில் பம்ப் அதிகம் சூடாகிச் சீக்கிரம் தேயும். ஒவ்வொரு தடவையும் முந்நூறு ரூபாய்க்கு மட்டும் பெட்ரோல் போட முடிகிற ஆளின் பம்ப், டேங்கை நிரப்புகிறவரின் பம்ப்புக்கு முன்னால் சாக வாய்ப்பு அதிகம். கையில் காசு இல்லாதவருக்கு இப்படியும் ஒரு வரி.

இந்தப் பம்ப் வீக் ஆவது என்றால் என்ன? கணக்கைப் பாருங்கள். ஒரு சின்ன பெட்ரோல் இன்ஜின் சும்மா உறுமிக்கொண்டு நிற்கும்போது மணிக்கு ஒரு லிட்டருக்கும் குறைவாகத்தான் குடிக்கும். அதே இன்ஜின் நாலு பேரையும் மூட்டை முடிச்சுகளையும் ஏற்றிக்கொண்டு, ஆக்சிலேட்டர் தரையைத் தொட மலை ஏறும்போது மணிக்கு 15 லிட்டர் அளவுக்குக் கேட்கும். நல்ல பம்ப்புக்கு இரண்டுமே பெரிய விஷயமில்லை. மணிக்கு 60, 80 லிட்டர்கூடத் தள்ளும். தேவைக்கு மேல் வருவது டேங்குக்கே திரும்பிவிடும். ஆகவே, பம்ப் தன் தெம்பில் முக்கால்வாசியை இழந்த பிறகும், ஒர்க்‌ஷாப் வாசலில் நிற்கும்போது குறை தெரியாது. கேஜ் வைத்தால் இருக்க வேண்டிய 3 பார் அழுத்தம் அசையாமல் நிற்கும். சமதளத்தில் வெண்ணெய் மாதிரி ஓடும். மலையில்தான் வண்டவாளம் வெளியே வரும்.

அதாவது ‘வீக்’ என்பது பம்ப்பைக் கையில் எடுத்துப் பார்த்தால் கண்ணில் படும் குணம் இல்லை. கேட்கிற சுமைக்கும் கொடுக்கிற திறனுக்கும் நடுவில் இருப்பது அது. கண்ணாடி ‘உடையக்கூடியது’ என்கிறோமே, உடையும்வரை அந்த ‘கூடியது’ எங்கே இருக்கிறது என்று தத்துவக்காரர்கள் நிறையவே அடித்துக்கொண்டிருக்கிறார்கள். பட்டறையில் அந்தச் சண்டைக்கு ஒரு நடைமுறை அர்த்தம் உண்டு: சுமை ஏற்றிப் பார்க்காமல் வீக் என்றும் சொல்ல முடியாது, வீக் இல்லை என்றும் சொல்ல முடியாது.

பள்ளிக்கூடத்தில் நாம் இதே ஆங்கிலச் சொல்லைக் கேட்டு வளர்ந்தவர்கள்தான். ‘மேக்ஸ்ல வீக்.’ எந்தக் கணக்கில், எந்த நேரத்தில், காலையில் சாப்பிட்டு வந்த நாளிலா சாப்பிடாத நாளிலா என்று யாரும் கேட்டதில்லை. அதை இங்கே நீட்டவில்லை. பம்ப்புக்கே நியாயம் கிடைப்பது கஷ்டமாக இருக்கிறது.

*

மாமாவுக்கு பொள்ளாச்சி. மகளைக் கட்டிக்கொடுத்தது வால்பாறையில். மாதம் ஒருமுறையாவது மேலே போவார். ஆழியாறு தாண்டினால் 40 கொண்டை ஊசி வளைவுகள். வண்டி 2000களின் தொடக்கத்தில் வந்த சின்ன பெட்ரோல் கார். கம்பெனி பெயர் இங்கே அவசியமில்லை. போன வருஷம் ஒரு தடவை ஏழெட்டு வளைவு ஏறியதும் புல்லிங் இல்லாமல் போயிருக்கிறது. ஆக்சிலேட்டரை மிதிக்க மிதிக்க ஜெர்க் அடித்து, ஒரு வளைவின் நடுவில் நின்றே விட்டது. பின்னால் அரசுப் பேருந்து, முன்சீட்டில் அத்தை, பின்சீட்டில் பேரன். பத்து நிமிஷம் கழித்துச் சாவியைத் திருப்பியதும் எதுவுமே நடக்காத மாதிரி கிளம்பியிருக்கிறது.

ஊருக்கு வந்து, வழக்கமாக விடும் ஒர்க்‌ஷாப்பில் விட்டார். அங்கே ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னது: “பம்ப் வீக்குங்க. மாத்திப்புடலாம்.”

மாத்தினார்கள். வண்டி ஜம்மென்று ஏறியது. ஒரு மாதம் கழித்து அதே மலை, அதே திணறல். “டூப்ளிகேட் பீஸ் வந்திருச்சுங்க, இந்தத் தடவ ஒரிஜினலே போட்ருவோம்.” போட்டார்கள். மறுபடியும் சரியானது. ஆறு வாரம் கழித்து மறுபடியும். மூன்றாவது தடவை போனபோது அவர்கள் கை காட்டியது பெட்ரோலை. “இப்ப வர்ற எத்தனால் பெட்ரோலுக்குப் பழைய வண்டி தாங்காதுங்க.”

இந்த மூன்றாவது பதில் ரொம்பப் பேர் வாயில் இருக்கிறது. 2025இல் நாட்டில் விற்கும் பெட்ரோலில் 20 விழுக்காடு எத்தனால் என்ற நிலைக்கு வந்துவிட்டோம். எத்தனால் ஈரத்தை இழுக்கும், சில பழைய ரப்பர் பாகங்களைக் கெடுக்கும், டேங்கில் படிந்த அழுக்கைக் கரைத்து ஃபில்டருக்குத் தள்ளும். எல்லாம் நடக்கக்கூடியவைதான். ஆனால் நடக்கக்கூடியது என்பதிலிருந்து இந்த வண்டியில் இதுதான் நடந்தது என்பதற்குப் போக நடுவில் ஒரு பாலம் வேண்டும். அந்தப் பாலத்தை யாரும் கட்டவில்லை. ஊரெல்லாம் கோபமாக இருக்கும் ஒரு காரணத்தைச் சொன்னால் வாடிக்கையாளர் தலையாட்டிவிடுவார் என்பது மட்டும் தெரிந்திருந்தது.

ஏனென்றால், மலையில் மூச்சு வாங்கும் வண்டிக்குப் பம்ப் மட்டுமே காரணமாக இருக்கணும் என்றில்லை. ஃபில்டர் அடைத்திருக்கலாம். சைலென்சர் பக்கம் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் அடைத்து, புகை வெளியே போகாமல் இன்ஜின் திணறலாம். சூடானதும் இக்னிஷன் காயில் மக்கர் பண்ணலாம். டேங்குக்குக் காற்று உள்ளே வரும் வழி அடைபட்டு, உள்ளே வெற்றிடம் உருவாகி பம்ப்பைப் பின்னால் இழுக்கலாம். பம்ப்புக்குப் போகும் கரண்டே குறைவாக இருக்கலாம். உட்கார்ந்து ஓட்டுகிறவருக்கு எல்லாம் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் தெரியும்.

ஆனால் பம்ப்பை மாத்தியதும் சரியாச்சே? மாமாவை நம்ப வைத்தது இதுதான். பெரும்பாலும் நம் எல்லோரையும் நம்ப வைப்பதும் இதுதான். ஜான் ஸ்டூவர்ட் மில் 1843இல் தர்க்கம் பற்றி எழுதிய நூலில் காரணத்தைக் கண்டுபிடிக்கும் வழிகளில் ஒன்றாக வேறுபாட்டு முறையைச் சொல்கிறார். இரண்டு நிலைமைகள் மற்ற எல்லாவற்றிலும் ஒன்றாக இருந்து, ஒன்றில் மட்டும் வேறுபட்டு, விளைவும் வேறுபட்டால், அந்த ஒன்றுக்கு விளைவில் பங்கு உண்டு. சிக்கல் அந்த ‘மற்ற எல்லாவற்றிலும்’ என்ற இடத்தில். பம்ப்பை மாற்றும்போது பம்ப் மட்டுமா மாறுகிறது? அதன் அடியில் இருக்கும் வலை வடிகட்டி புதுசு. கனெக்டரைப் பிடுங்கித் திரும்பச் சொருகுவதால் அதன் பித்தளைக் கால்கள் உரசிச் சுத்தமாகின்றன. பின்சீட்டைத் தூக்கும்போது கார்ப்பெட்டுக்கு அடியிலிருக்கும் வயர்கள் அசைகின்றன. ஒரு பாகத்துக்கு பில் போட்டு நாலு விஷயத்தை மாற்றியிருக்கிறார்கள். நாலில் எது வேலை செய்தது என்று யாருக்குத் தெரியும்? அவர்களுக்கும் தெரியாது. இதில்தான் எனக்கு உறுத்தல்.

*

வில்லியம் கிங்டன் கிளிஃபர்ட் என்று ஒரு ஆங்கிலேயக் கணித அறிஞர். 33 வயதில் இறந்துவிட்டார். இறப்பதற்கு இரண்டு வருஷம் முன்பு, 1877இல், நம்பிக்கையின் அறம் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். அதன் தொடக்கத்தில் ஒரு கப்பல் முதலாளி வருகிறான். குடும்பம் குடும்பமாகப் புலம்பெயர்கிறவர்களை ஏற்றிப் போகவிருக்கும் அவனுடைய கப்பல் பழசு. அடிக்கடி ரிப்பேர் பார்த்தது. கிளம்புவதற்கு முன் அவனுக்குச் சந்தேகம் வருகிறது, சோதித்துப் பார்த்துவிடலாமா என்று. செலவாகும். இத்தனை தடவை போய்விட்டுத் திரும்பியிருக்கிறதே, கடவுள் பார்த்துக்கொள்வார் என்று தன்னைத் தானே சமாதானப்படுத்தி, மனசார நம்பி, கப்பலை அனுப்பிவிடுகிறான். கப்பல் மூழ்குகிறது. அவன் இன்சூரன்ஸ் பணத்தை வாங்கிக்கொள்கிறான்.

குற்றவாளி என்று நாம் சட்டென்று சொல்லிவிடுவோம். கிளிஃபர்ட் அடுத்த அடி வைக்கிறார்: கப்பல் பத்திரமாகக் கரை சேர்ந்திருந்தால்? அப்போதும் அவன் குற்றம் இம்மியும் குறையாது. மாட்டிக்கொள்ளவில்லை, அவ்வளவுதான் என்கிறார். நம்பியது உண்மையா பொய்யா என்பது அவருக்கு முக்கியமில்லை. அப்படி நம்ப அவனிடம் ஆதாரம் இருந்ததா என்பதுதான் கேள்வி.

முதல்முறை படித்தபோது எனக்கு இது கறாரான பள்ளி ஆசிரியர் பேச்சு மாதிரி இருந்தது. மாமாவின் கார் விவகாரத்துக்குப் பிறகு திரும்பப் படித்தபோது அப்படித் தோன்றவில்லை. முதல் பம்ப் நிஜமாகவே வீக்காக இருந்திருக்கலாம். அப்படியே இருந்தாலும், பம்ப் வீக் என்று சொன்னவர் அது தெரிந்து சொல்லவில்லை. தெரியாததைத் தெரிந்த குரலில் சொன்னார். அந்தக் குரலுக்குத்தான் மாமா காசு கொடுத்தார்.

இதில் கிளிஃபர்டோடு எனக்கு ஒரு வழக்கும் இருக்கிறது. அவருடைய கப்பல்காரனுக்குச் சோதிக்க வசதி இருந்தது. சோதிக்காததால் லாபமும் அவனுக்கே. ஒர்க்‌ஷாப் நடத்துகிறவர் நிலைமை அப்படி இல்லை. நம்மூரில் பில் எப்படி எழுதுகிறார்கள் என்று பாருங்கள். ஸ்பேர் இவ்வளவு, லேபர் இவ்வளவு. லேபர் என்பதும் கழற்றி மாட்டிய கூலிதான். ‘கண்டுபிடித்த கூலி’ என்று ஒரு வரி பெரும்பாலான பில்களில் இருக்காது. மூன்று மணி நேரம் தேடி, கடைசியில் பத்து ரூபாய் ஃபியூஸ் என்று கண்டுபிடித்தால், வாடிக்கையாளர் பத்து ரூபாயும் டீக்காசும் கொடுப்பார். தேடாமல் ஐயாயிரத்துக்குப் பம்ப் போட்டால் அதில் ஸ்பேர் கடை மார்ஜின் உண்டு, லேபரும் உண்டு. பொய் சொல்லணும் என்றுகூட இல்லை. தேடாமல் இருந்தாலே போதும், காசு வரும். இப்படி ஒரு ஏற்பாட்டை வைத்துக்கொண்டு மெக்கானிக் மட்டும் கிளிஃபர்ட் சொல்கிறபடி நடக்கணும் என்று எதிர்பார்ப்பதில் நமக்கு வசதி இருக்கிறது, அவருக்கு இல்லை.

வள்ளுவரையும் இங்கே இழுக்காமல் முடியாது. மருந்து அதிகாரத்தில் எல்லோருக்கும் மனப்பாடமான 948ஆவது குறளில் தேடுவதற்கான சொல் மூன்று முறை வருகிறது. செய்வதற்கான சொல் ஒரே ஒரு முறை, கடைசியில். நம் பில்லில் விகிதம் தலைகீழ்.

*

யாரோ சொல்லி, மாமா வண்டியை உடுமலை ரோட்டில் ஒரு பழைய பட்டறைக்குக் கொண்டுபோனார். நானும் கூடப் போனேன். எழுபதை நெருங்கும் பெரியவர், ஒரு உதவிப் பையன், ஒரு வேப்ப மரம். மாமா போனதும் நடந்த கதையெல்லாம் சொல்லி, “பம்ப்பு ரெண்டு மாத்தியாச்சுங்ணா” என்றார். பெரியவர் அதற்கு ஒன்றும் சொல்லவில்லை. “எங்க நிக்குது?” என்று மட்டும் கேட்டார். எத்தனாவது வளைவு, எந்த கியர், வெயிலா மழையா, டேங்கில் எவ்வளவு பெட்ரோல், ஏசி ஓடிச்சா, லைட் போட்டிருந்துச்சா. டாக்டர்கள்கூட இப்போது இவ்வளவு கேட்பதில்லை.

பிறகு இன்ஜினுக்குப் போகும் பெட்ரோல் குழாயில் ஒரு டி கனெக்‌ஷன் கொடுத்து அழுத்தக் கேஜை மாட்டினார். நின்ற இடத்தில் 3 பார். ஆக்சிலேட்டரை முறுக்கினாலும் 3 பார். “பம்ப் நல்லாத்தானே இருக்குது?” என்றார் மாமா. “நிக்கறப்ப எல்லாமே நல்லாத்தானுங்க இருக்கும்” என்று சொல்லிவிட்டு, நீளமான ஹோஸ் ஒன்றை எடுத்து வந்தார். கேஜை பானட் இடுக்கு வழியாக வெளியே கொண்டுவந்து, முன்கண்ணாடியில் டிரைவர் பார்வைக்கு நேராக டேப் போட்டு ஒட்டினார். பின்சீட்டைத் தூக்கி, பம்ப் கனெக்டரிலிருந்து இரண்டு வயர் இழுத்து மல்டிமீட்டரில் மாட்டி என் கையில் கொடுத்தார். “நம்பரச் சொல்லிட்டே வாங்க தம்பி.” பையன், மாமா, நான், பின்னால் நாலு சிமெண்ட் மூட்டை. வண்டி ஆழியாறு பக்கம் கிளம்பியது.

சமதளத்தில் கேஜ் அசையவில்லை. நாலாவது வளைவு தாண்டியதும் முள் இறங்க ஆரம்பித்தது. இரண்டரை. இரண்டு. 1.8இல் வண்டி குலுங்கியது. மாமா வெற்றிக் குரலில், “பாத்தீங்களா, மூணாவது பம்ப்பும் போச்சு!” என்றார்.

“மீட்டர் என்னங்க தம்பி?”

“பத்துப் புள்ளி ஆறு.”

“அப்பப் பம்ப்ப ஒண்ணும் சொல்லாதீங்க.”

இன்ஜின் ஓடும்போது பேட்டரியில் ஏறக்குறைய 14 வோல்ட் இருக்கணும். பம்ப் வாசலில் 10.6தான் வருகிறது. மூன்று வோல்ட்டுக்கு மேல் வழியில் எங்கோ தொலைகிறது. பட்டினி போட்டவனை ஓட்டப்பந்தயத்தில் நிறுத்திவிட்டு வீக் என்று சொல்வது மாதிரி. கீழே வந்து தேடியதில் பின்சீட்டுக்கு அடியில், தண்ணீர் இறங்கிய ஒரு ஓரத்தில், பாடியோடு எர்த் முடுக்கியிருந்த இடம் பச்சையும் துருவுமாக இருந்தது.

இங்கே எனக்குப் பிடித்த ஒரு விவரம். பம்ப்பைக் கழற்றிவிட்டு அதே வயரில் மீட்டரை வைத்துக் காட்டினார். வோல்ட் முழுசாக வந்தது. துருப்பிடித்த எர்த் என்பது கரண்டுக்கு ஒரு தடை. அரை ஓம் இருக்கும் என்று வையுங்கள். மீட்டர் எடுத்துக்கொள்ளும் கரண்ட் ஒன்றுமே இல்லை என்பதால் அந்தத் தடையில் எதுவும் தொலையாது. பம்ப் ஐந்து ஆம்பியர் இழுக்கும்போது இரண்டரை வோல்ட் அங்கேயே காலி. ஆக, வயரின் குணமும் சுமையில்தான் தெரிகிறது, பம்ப்பைப் போலவே. முதல் ஒர்க்‌ஷாப்பில் ஒருவேளை மீட்டர் வைத்தே பார்த்திருந்தாலும், பம்ப்பைக் கழற்றிவிட்டு வைத்திருந்தால் ‘வயரிங் ஓகே’ என்றுதான் காட்டியிருக்கும்.

எர்த்தைச் சுரண்டி, புது லக் போட்டு, கிரீஸ் தடவி இறுக்கினார். திரும்பவும் மலை. பாதி வேலை முடிந்ததும் காசு வாங்கிக்கொண்டு அனுப்பியிருக்கலாம், அனுப்பவில்லை. மீட்டர் 13.2. கேஜ் மூன்றுக்குப் பக்கத்தில் நின்றது. சிமெண்ட் மூட்டைகளோடு பன்னிரண்டு வளைவு ஏறி, ஓரமாக நிறுத்தித் திரும்பினோம்.

பில் இரண்டாயிரம். மாமா, “ஒரு நட்டத் தேச்சு இறுக்குனதுக்கு ரெண்டாயிரமா?” என்று ஆரம்பித்து 1,700இல் முடித்தார். பெரியவர் வாதாடவில்லை.

வாட்ஸாப்பில் சுற்றும் ஒரு கதை உங்களுக்கும் வந்திருக்கும். கப்பல் இன்ஜினைச் சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டிச் சரிசெய்தவர் பத்தாயிரம் கேட்பார். தட்டியதற்கு ஒரு ரூபாய், எங்கே தட்டணும் என்று தெரிந்ததற்கு மிச்சம் என்பார். எனக்கு இந்தக் கதை பிடிக்காது. அறிவை மந்திரக்கோல் மாதிரி ஆக்கிவிடுகிறது. பெரியவருக்கு எங்கே தட்டணும் என்று முன்பே தெரிந்திருக்கவில்லை. தெரியாது என்பதை ஏற்றுக்கொண்டு, கேஜ் ஒட்டி, மூட்டை ஏற்றி, இரண்டு தடவை மலை ஏறினார். அவர் கேட்ட காசு மேதைமைக்கு இல்லை; நேரத்துக்கு. சுத்தியல் கதையின் ஆள்தான் ‘அனுபவந்தானுங்க’ என்று சொல்லிப் பம்ப்பை மாத்துகிறார்.

*

அப்போ ஊகமே கூடாதா? கிளிஃபர்டுக்குப் பதில் போல வில்லியம் ஜேம்ஸ் 1896இல் ஒரு உரை நிகழ்த்தினார். ஆதாரம் வரும்வரை காத்திருப்பதும் ஒரு முடிவுதான், சில நேரம் அதற்கும் விலை உண்டு என்பது அவர் வாதத்தில் ஒரு பகுதி. உரையின் முடிவில் அவர் எடுத்துக்காட்டும் இன்னொருவரின் வரிகளில், பனியும் மூடுபனியும் சூழ்ந்த மலைக் கணவாயில் மாட்டிக்கொண்டவன் வருகிறான். நின்றால் விறைத்துச் சாவான். தப்பான பாதையில் போனாலும் சாவான். எது சரியான பாதை என்று தெரியாது. ஏதோ ஒன்றைத் தேர்ந்து நடக்கத்தான் வேண்டும்.

வளைவின் நடுவில், இருட்டும் நேரத்தில், பின்னால் பேருந்து ஹாரன் அடிக்கும்போது யாரும் கேஜ் ஒட்டிக்கொண்டிருக்க முடியாது. அங்கே ஒரு லாரி டிரைவர் வந்து டேங்கின் அடியில் கட்டையால் நாலு தட்டுத் தட்டுவார். பம்ப் மோட்டாரின் தேய்ந்த பிரஷ் சிக்கியிருந்தால் அந்த அதிர்வில் சில சமயம் விடுபட்டு ஓட ஆரம்பிக்கும். தட்டும்போதே “எதுக்கும் ஒரு தட்டுத் தட்டிப் பாப்போம்” என்பார். அந்த ‘எதுக்கும்’ முக்கியமான சொல். தன் கையில் இருப்பது ஊகம் என்று எதிராளிக்குச் சொல்லிவிடுகிற சொல். ஒர்க்‌ஷாப்பிலும் அதைச் சொல்லியிருக்கலாம்: “பம்ப்பா இருக்கும்னு தோணுதுங்க. டெஸ்ட் பண்ணிப் பாக்க இவ்வளவு ஆகும், நேரா மாத்த இவ்வளவு ஆகும். எதப் பண்ணட்டும்?” மாமா மாத்தவே சொல்லியிருப்பார் என்று வைத்துக்கொண்டாலும், அது அவருடைய ஊகமாக, அவர் தெரிந்தே போட்ட பந்தயமாக இருந்திருக்கும். வேறொருவர் ஊகத்துக்கு, அது ஊகம் என்றே தெரியாமல், காசு கட்டியிருக்க மாட்டார்.

வண்டி சரியான பிறகு மாமாவுக்கு வேறொரு வேகம் வந்துவிட்டது. முதல் ஒர்க்‌ஷாப்புக்குப் போய் சட்டையைப் பிடிக்கணும். “ரெண்டு பம்ப்புக் காசையும் வைடான்னு கேக்கறேன் பாரு. திருட்டுப் பயல்.”

“திருடன்னு எப்படி மாமா சொல்றீங்க?”

“அவங்கிட்ட விட்டேன், சரியாகல. மெக்கானிக்க மாத்துனேன், சரியாயிருச்சு. இதுக்கு மேல என்ன வேணும்?”

பம்ப்ப மாத்துனேன், சரியாயிருச்சு. அதனால பழைய பம்ப் வீக். இதுவும் அதுவும் ஒரே அச்சு. கழற்றிய முதல் பம்ப்பை அன்றைக்கே ஒர்க்‌ஷாப்பில் விட்டுவிட்டு வந்தாயிற்று. இருபது வருஷத்துப் பம்ப், அதுவும் நிஜமாகத் தேய்ந்திருக்கலாம். எர்த் கொஞ்சம், பம்ப் கொஞ்சம் என்று இரண்டும் சேர்ந்து நின்றிருக்கலாம். அப்படியானால் முதல் பம்ப் காசாவது நியாயம்தான். அந்த ஆள் ஏமாற்றணும் என்று நினைத்தாரா, தான் சொன்னதை அவரே நம்பினாரா என்பதைக் காட்டும் கேஜும் நம்மிடம் இல்லை. இதைச் சொன்னபோது மாமாவுக்குக் கோபம். “நீ யாருக்கு வக்காலத்து வாங்கற?”

வக்காலத்து இல்லை. அவர் மேல் வைக்கக்கூடிய குற்றம் ஒன்று கையில் இருக்கிறது, அதற்குச் சாட்சியும் மாமாவேதான்: அழுத்தம் அளக்காமல், வோல்ட் பார்க்காமல், வீக் என்று உறுதியாகச் சொன்னார். அதைக் கேட்கலாம். திருடன் என்று சொன்னால், பம்ப்புக்கு அவர் செய்ததை நாம் அவருக்குச் செய்கிறோம்.

மாமா அரைமனதாக ஒத்துக்கொண்டு அடுத்த நாள் தனியாகப் போய் வந்தார். சாயங்காலம் போன் பண்ணினார். கேஜ் வச்சுப் பாத்தீங்களான்னு கேட்டாராம். அலமாரியைத் திறந்து காட்டினானாம். கேஜ் இருக்கிறது, பெட்டியோடு. “இருக்குதுங்க அய்யா, மாட்டறதுக்கும் ஓட்டிப் பாக்கறதுக்கும் அரை நாள் போயிரும். அதுக்கு யாருங்க காசு தர்றாங்க?” என்றானாம்.

“நீங்க என்ன சொன்னீங்க?”

“கேட்டிருந்தா நாங் குடுத்திருப்பனே, கண்டுபுடிச்ச கூலின்னு ரெண்டாயிரம் ஆனாலும் ஆவட்டும்னேன். சிரிக்கறான் மாப்ள. எதுக்குச் சிரிச்சான்னுதான் தெரியல.”